சூடு இறங்காத வீடு

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சண்டை வந்தால் அது ஓட்டு இடுக்கு வழியாகவும், சட்டம் உளுத்த சன்னல் வழியாகவும், கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பல்லி போகிற சந்து வழியாகவும் வெளியே வந்து, எதிர்வீட்டுக்காரி காதில் கொஞ்சம், குழாயடியில் கொஞ்சம், டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் என்று பிரிந்து, பொழுது சாய்வதற்குள் ஆறிப்போய்விடும். இதற்காக நாங்கள் யாரிடமும் சான்றிதழ் வாங்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாலுவழிச் சாலை வந்த பிறகு புளியந்தோப்பை வெட்டிவிட்டு எழுப்பிய தென்றல் அவென்யூவில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் சான்றிதழ் இருந்தது, வாசல் கேட்டில் ஐந்து நட்சத்திரம் போட்ட பித்தளைத் தகடு இருந்தது, அந்தத் தகடு மாட்டிய வீடுகளில் கொதித்துப் பேசிய பேச்சு வெளியே போகாமல் சூடாக உள்ளேயே தங்கிவிட்டது.

புதிதாகக் கட்டுகிற வீடு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வெளிச்சூடு உள்ளே வரக்கூடாது, உள்குளிர்ச்சி வெளியே போகக்கூடாது, மின்சாரம் மிச்சமாக வேண்டும். அதற்காகக் காற்றுக்குமிழி நிறைந்த வெள்ளைக் கல்லில் சுவர் எழுப்பினார்கள், சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வைத்து அதைச் சுற்றி ரப்பர் பட்டை கொடுத்து இறுக்கினார்கள், மொட்டைமாடியில் மெத்தைபோல் ஒரு பாளத்தை விரித்து அதன்மேல் வெள்ளை ஓடு பதித்தார்கள். பூமிக்கு நல்லது என்றார்கள், நாங்கள் மறுக்கவில்லை. பூமிக்கு நல்லது செய்கிறவர்கள் எங்கள் தெருவைக் கடக்கும்போது மட்டும் ஏன் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள் என்றுதான் கேட்டோம். எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் அங்கே வீட்டுவேலைக்குப் போகிறார்கள், ஆகவே அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் நடந்ததில் எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

முதலில் ஒரு வங்கி மேனேஜர் வீட்டில்தான் அது நடந்தது. ஊருக்குத் திரும்பிய மாமியார் குக்கரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசித் தீர்த்தார்கள், மறுநாள் இரண்டு பேரும் அதை மறந்துவிட்டுச் சினிமாவுக்குப் போனார்கள், சுவர் மறக்கவில்லை. கைவைத்தால் தோசைக்கல் இறக்கி வைத்த அடுப்புத் திட்டைப் போலச் சுட்டது. ஏசி இரைந்து இரைந்து ஓய்ந்தது. கதவைத் திறந்துபோட்டுப் பார்த்தார்கள், ரோட்டு வெயில் உள்ளே வந்ததே தவிரச் சுவர்ச் சூடு நகரவில்லை, கல் அதை உறிஞ்சி வைத்திருந்தது. கட்டிக்கொடுத்த கம்பெனியிலிருந்து வந்த எஞ்சினியர் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, எங்கேயாவது குழாய் ஒழுகுகிறதா என்று கேட்கிற மாதிரி, “இந்த எடத்துல நின்னு யாராவது மனசு கொதிச்சுப் பேசுனீங்களா சார்?” என்று கேட்டார். பேசினோம் என்றார்கள். “அதான். வெயிலை வெளிய நிறுத்துற கல்லு உள்ள இருக்கதையும் உள்ளதான் நிறுத்தும், ரெண்டுக்கும் ஒரே கல்லுதான” என்றார்.

அதற்கு வழியும் அவரே சொன்னார். பேசியவர் அதே இடத்தில் நின்று, பேசியது தப்பு என்று சொன்னால் சூடு இறங்கிவிடும். தப்பு, திட்டு வாங்கியவர் பக்கம் இருந்தால் அவர் வந்து மன்னிப்புக் கேட்டாலும் இறங்கிவிடும். மேனேஜர் இன்னொரு ஏசி மாட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். திருநெல்வேலிச் சீமையில் கட்டின பெண்டாட்டியிடம் நின்று தப்பு என்று சொல்கிற ஆம்பிளையை அந்த எஞ்சினியர் எந்த ஊரில் பார்த்தாரோ தெரியாது.

ஒரு வருஷத்துக்குள் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு சுவர் சுட்டது, ஒருத்தர்கூட அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. விருந்தாளியாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே சும்மா பிடிமானத்துக்கு வைக்கிற மாதிரி சுவரில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தை அப்புறம் விரித்தார்கள், முதலில் சமையலறைச் சுவரைத் தடவினார்கள், வெதுவெதுப்பாக இருந்தால் கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருவில் ஈரத்துணி நாறிக்கொண்டிருக்கும்போது அவென்யூக்காரர்கள் மேனேஜர் வீட்டில் கயிறு கட்டித் துணி உலர்த்தினார்கள், அவர் மனைவியும் மழைக்காலம் முழுக்க மோர்மிளகாயும் கூழ்வற்றலும் காயவைத்து விற்றாள், சூடு குறைகிற மாதிரித் தெரிந்தால் புருஷனைக் கூப்பிட்டு அந்தக் குக்கரை ஞாபகப்படுத்தினாள். கடைசியில் குடியிருப்போர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. சண்டை, அழுகை, சாபம் எதுவானாலும் இனி வீட்டுக்குள் கூடாது, வேண்டியவர்கள் பேட்மிண்டன் கோர்ட்டுக்குப் போய் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே போய் நின்றால் காற்று வாயிலிருந்தே பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், பாதிச் சண்டையில் எதற்கு வந்தோம் என்று இரண்டு பேருக்கும் மறந்துவிடும். நல்ல ஏற்பாடுதான் என்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

தீர்மானத்தை எழுதி வாசித்தவர் சங்கத் தலைவர் அய்யாத்துரை. ஜங்ஷன் பக்கத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அவர் வீட்டில்தான் எந்தச் சுவரும் சுடவில்லை. வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு அறையாகச் சுவரைத் தொடச் சொல்வார், கன்னத்தை வைத்துப் பாருங்கள் என்பார், குற்றாலத்துப் பாறை மாதிரி இருக்கும். அது அவர் குணத்தால் வந்த குளிர்ச்சி இல்லை. அவர் பேசுகிற பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது, எதிர்ப்பேச்சு இல்லாதவனுக்குக் கொதிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. அவர் மனைவி உலகம்மாள் வாயைத் திறக்க மாட்டாள்.

உலகம்மாளின் அப்பா சுடலைமணி, டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், பெண்டாட்டி போன பிறகு மகளோடு வந்து இருந்தார். முன்படிக்கட்டிலிருந்து பின்படிக்கட்டுக்குக் கேட்க வேண்டும் என்று ஆயுசு முழுக்கக் கத்திப் பழகிய தொண்டை அது. மருமகன் சூட்டுக்குப் பயந்து அவரை மெதுவாகப் பேசச் சொன்னார், மெதுவாகப் பேசத் தெரியாததால் அவர் பேசுவதையே விட்டுவிட்டார். பேச வேண்டும்போல் இருந்தால் ரோட்டைத் தாண்டி எங்கள் தெரு டீக்கடைக்கு வருவார். “அந்த வீட்டுக்குள்ள இருந்தா வெளிய மழ பெய்யுதா வெயிலடிக்கான்னே தெரியல வே, எம்மவளுக்கு வாய் இருக்கான்னும் தெரியல” என்று ஒருநாள் சொன்னார். எங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது.

வீடுகளை மறு ஆய்வு செய்து நட்சத்திரத்தைப் புதுப்பிக்கிற நேரம் வந்தது. எந்த வீடு முதலாவதாக வருகிறதோ அதுதான் சாலையோரம் புதிதாக எழும்பப்போகிற அடுத்த குடியிருப்புக்கு மாதிரி வீடு என்றும், வீட்டுக்காரர் படம் பெரிய பலகையில் நாலுவழிச் சாலையைப் பார்த்து நிற்கும் என்றும் கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். அய்யாத்துரைக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச்சட்டையை உடுத்தாமல் எடுத்து வைத்தார். உலகம்மாளை மிக்சி போடக்கூட யோசிக்க வைத்தார்.

ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சித்திரை வெயில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், பாதி குடித்த காப்பி தம்ளரைக் கையில் வைத்தபடி சுடலைமணி கட்டிலில் செத்துப்போனார். உலகம்மாள் தம்ளரை அவர் விரல்களிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அய்யாத்துரைக்கு எல்லாம் மனதில் ஓடிவிட்டது. ஐஸ் பெட்டி வைத்தால் வீட்டு மீட்டர் நாள் முழுக்கச் சுற்றும், துக்கத்துக்கு வருகிறவர்களால் கதவு சாத்தாமல் கிடக்கும், எல்லாவற்றுக்கும் மேலே, பெண்டுகள் கூடி அழுவார்கள். சங்கத்து ஆட்களை வரச்சொல்லி, கட்டிலோடு மாமனாரைத் தூக்கிக்கொண்டு போய் பேட்மிண்டன் கோர்ட்டில் வைத்தார். சாமியானா போட்டு, ஜெனரேட்டர் வைத்து, ஐஸ் பெட்டியை அதில் மாட்டினார். வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

களக்காட்டிலிருந்து உலகம்மாளின் சித்தி ராமக்கனி ஒரு வேன் நிறையப் பெண்களோடு வந்து இறங்கினாள். இறங்கும்போதே கொண்டையை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தவளை அய்யாத்துரை கேட்டுக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

“அத்தை, இங்க இல்ல. அங்க பந்தல் போட்டிருக்கு.”

“வீட்டுல செத்தவர வீட்டுல கெடத்தாம எங்கய்யா கொண்டு போட்டிருக்கீய?”

“அடுத்த வாரம் ஆய்வு இருக்கு. உள்ள வச்சு அழுதா சூடு தங்கிரும் அத்தை, இறங்காது. கொஞ்சம் புரிஞ்சிக்கிடுங்க.”

“அப்பம் செத்த மனுசன வெயில்ல போட்டுட்டு வீட்டக் குளுர வச்சிருக்கீய, அப்படித்தான மருமவனே?”

“அவரு இருக்கது ஐஸ் பெட்டி. அவருக்கு என்ன வெயில் தெரியப்போவுது?”

அவர் இதைச் சொல்லும்போது உலகம்மாள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அது அவள் காதில் விழுந்ததை நாங்கள் பார்த்தோம்.

கோர்ட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். நாலுவழிச் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஜெனரேட்டர் தடதடத்தது, சிமெண்டுத் தரையிலிருந்து எழும்பிய அனல்காற்று அழுகையை வாயோடு வாங்கிக்கொண்டு போனது, பக்கத்தில் இருந்தவளுக்கே பக்கத்தில் இருந்தவள் அழுதது கேட்கவில்லை. உலகம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

சித்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஏட்டி, அழுது தொலச்சிரு. உள்ளயே வச்சிருந்தா அது ஒன்னையத்தான் திங்கும்.”

“இங்க அழுதா எங்கய்யாவுக்குக் கேக்காது சித்தி” என்றாள் உலகம்மாள்.

மூன்று மணிக்கெல்லாம் எடுத்துவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டின்போது, சங்கத்து ஆட்கள் முன்னால் அய்யாத்துரை பெண்டாட்டியைப் பாராட்டினார். பெற்ற அப்பன் செத்தும் வாயைத் திறக்காத பொம்பளை, கட்டுப்பாடு என்றால் இதுதான், உங்கள் வீட்டிலும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்றார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். தலையை ஆட்டிய ஒவ்வொருவன் பெயரும் எங்களுக்குத் தெரியும், சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஆய்வு நாளன்று தென்றல் அவென்யூ கல்யாணவீடு மாதிரி இருந்தது. ஆய்வுக்கார அம்மா ஒருத்தர், சூட்டைப் படம்பிடிக்கிற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். கூடவே கம்பெனிக்காரர், வீடு வாங்க நினைத்து வந்தவர்கள், போட்டோ எடுக்கிறவர். நாங்களும் ரோட்டோரம் போய் நின்றோம், நிற்க யாரிடம் கேட்க வேண்டும்? அய்யாத்துரை புதுச்சட்டையில் வாசலுக்குப் போய் அவர்களை அழைத்து வந்தார். உள்ளே உலகம்மாள் மோர் கலக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

உலகம்மாள் மோர் கலக்கவில்லை. அவர் வெளியே வந்ததும் கதவை உள்ளிருந்து தாழ்போட்டுவிட்டு, கூடத்தில் அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்து, முடியை அவிழ்த்துவிட்டாள். இரட்டைக் கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் நின்று பார்த்தோம். சத்தம் ஒரு துளி வரவில்லை, அவ்வளவு நல்ல கண்ணாடி. ஆனால் அவள் வாய் முதலில் திறந்தது ‘எங்கய்யா’ என்றுதான் என்பது ரோட்டில் நின்ற எங்களுக்கே தெரிந்தது. அழுதாள். ஒரு வாரம் பொத்தி வைத்திருந்ததை அழுதாள், அதற்குப் பிறகு கல்யாணமான நாளிலிருந்து பொத்தி வைத்திருந்ததை அழுதாள், தலையைச் சுவரில் முட்டி அழுதாள், சுவர் ஒவ்வொன்றாகப் போய்க் கைவைத்து, அதனிடம் சொல்வது மாதிரிச் சொல்லி அழுதாள். சாமிப் படத்துப் பிளாஸ்டிக் மாலை தொய்ந்து இறங்கியது. சன்னல் திரைகள் அனலில் படபடத்தன. அப்புறம் அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் புருஷனை நேராகப் பார்த்து நிதானமாகப் பேசத் தொடங்கினாள், அவள் என்ன பேசினாள் என்று உதட்டசைவில் அய்யாத்துரைக்கு மட்டும் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். கதவைத் தட்டினார். உள்ளே கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து அவள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது குளத்திலிருந்து ஏறி வந்தவள் மாதிரி நனைந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது. அய்யாத்துரை உள்ளே ஓடினார், போன வேகத்தில் இருமிக்கொண்டே திரும்பி வந்தார். புதுச்சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

“என்னட்டி பண்ணி வச்சிருக்க? போயி சொன்னதெல்லாம் தப்புன்னு சொல்லிட்டு வா. ஆளுக நிக்காங்க. போ!”

“எதத் தப்புன்னு சொல்லச் சொல்லுதீய? எங்கய்யா செத்தத சொன்னேன். நீங்க அவர வெளிய போட்டத சொன்னேன். ரெண்டும் நடந்ததுதான?” தொண்டை கட்டிப்போய் அவள் குரல் ஆண்குரல் மாதிரி வந்தது. “நீங்க போங்க. அந்தக் கட்டில் கெடந்த எடத்துல நின்னு, மாமா, தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பமே ஆறிரும்.”

கதவு திறந்துதான் கிடந்தது. அய்யாத்துரை கதவைப் பார்த்தார், கம்பெனிக்காரரைப் பார்த்தார், வீடு வாங்க வந்தவர்களைப் பார்த்தார், ரோட்டில் நின்ற எங்களையும் பார்த்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் இறுகிப்போனது. இவர்கள் முன்னாலா, ஒரு பொம்பளை சொல்லி, ஒரு கண்டக்டர் கிழவனிடமா என்று அவர் நினைத்தது சத்தமாகக் கேட்ட மாதிரி எங்களுக்குக் கேட்டது. “கதவச் சாத்துங்க” என்றார்.

இவ்வளவு நேரமும் ஆய்வுக்கார அம்மா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த கதவு வழியாக உள்ளே ஒருமுறை கருவியைக் காட்டினார், சாத்திய பிறகு வெளிச்சுவரைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார், கண்ணாடியோரம், கதவிடுக்கு, கூரைவிளிம்பு ஒன்றையும் விடவில்லை. “உள்ள செங்கல் சூளை மாதிரி கொதிக்குது. வெளியே ஒரு பொட்டுக்கூடக் கசியல. இப்படி ஒரு சுவரை என் சர்வீஸ்ல பாத்ததில்ல” என்றார். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் என்ன பேசினார்கள் என்பது அவருடைய விதிகளில் வரவில்லை, சுவர் என்ன செய்தது என்பதுதான் வந்தது. அய்யாத்துரை வீட்டுக்குத்தான் முதல் இடம் கிடைத்தது. கம்பெனிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நனைந்த சட்டையோடு போட்டோ எடுத்தார்கள், அந்தப் படம்தான் இப்போதும் நாலுவழிச் சாலையைப் பார்த்து நிற்கிறது, அதில் அவர் சிரிக்க முயற்சி செய்கிறார்.

உலகம்மாள் அன்றைக்கே களக்காட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் யாராலும் கால்வைக்க முடியவில்லை. கசியாத வீடு, ஆகவே ஆறாத வீடு. சங்கத்தார் கூடிப் பேசி, அந்தச் சூடு அப்படியே இருப்பதுதான் குடியிருப்புக்குப் பெருமை, தலைவர் அவசரப்பட்டு உள்ளே போய் எதுவும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவருக்கும் அது வசதியாக இருந்தது. பக்கத்து வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் வந்து வெளிக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து உள்ளே இருக்கிற சோபாவைப் பார்த்துவிட்டு அடுத்த குடியிருப்புக்கு முன்பணம் கட்டினார்கள்.

மறு சித்திரையில் சுடலைமணிக்குத் திதி வந்தது. உலகம்மாள் சித்தியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள், கூடையில் வாழையிலையும் காய்கறியும் வேட்டியும் இருந்தன. அய்யாத்துரை கேட்டில் நின்றார், இந்தத் தடவை கையை நீட்டி மறிக்கவில்லை. “உள்ள போயிராத, வெந்துருவ” என்று மட்டும் சொன்னார். அவள் அவரைப் பார்க்காமல் கையை நீட்டினாள், அவர் சாவியைக் கொடுத்தார். உள்ளே போனாள். சித்தி வாசற்படியில் காலை வைத்ததும் துள்ளி இறங்கிவிட்டாள். உலகம்மாள் மட்டும் சாவகாசமாக நடந்து போனாள், சொந்த அடுப்படியில் நடமாடுகிறவளுக்கு அடுப்புச் சூடு எப்படியோ அப்படி, அவளை அது ஒன்றும் செய்யவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டாள். கொண்டுவந்த காய்கறியைச் சமைத்து, கட்டில் கிடந்த இடத்தைத் துடைத்து, இலையைப் போட்டு, அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறினாள். ஒரு தம்ளரில் காப்பியும் வைத்தாள். அப்புறம் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலைக்கு அந்தப் பக்கம் யாரோ சாப்பிட்டுக்கொண்டே கேட்பது மாதிரி, ஊர்க்கதையெல்லாம் பேச ஆரம்பித்தாள். இடையில் சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. வெளியே தார் உருகுகிற வெயில். அய்யாத்துரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, இவ்வளவு நேரம் என்ன பேச்சு, சீக்கிரம் வா, நான் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்பது என்று கேட்டார். மறுபடியும் சத்தமாகக் கேட்டார். உள்ளே அவளுக்கு அது கேட்கவில்லை.